நீங்களும் ஒரு கல்யாணத்தை நடத்தி வைக்கலாம்

“டீச்சர், எங்க கல்யாணத்த நீங்கதான் நடத்தி வைக்கணும்.”

வடசென்னையில், காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலில் நின்று பழைய மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண். இருவருக்கும் ஐயர் வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்த நான் முன்னால் நின்றால் போதுமாம். சந்தோஷமாக இருந்தது, கூடவே பயமும் வந்தது. அரசுப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். கல்யாணம் நடத்த எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? நாளைக்கு ஒருவர் வந்து “இது செல்லாத கல்யாணம்” என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்? ஒரு வாரம் டைம் கொடுப்பா என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஒரு வாரத்தில் வக்கீல் தோழியிடம் கேட்டும், சட்டப் புத்தகத்தை வாங்கி வரி வரியாகப் படித்தும் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. அதற்கப்புறம் திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று பதினொரு கல்யாணங்களை நடத்தி வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பொறுப்பு யாரைத் தேடி வேண்டுமானாலும் வரும். தொழிற்சங்கத் தோழரையோ, தலைமையாசிரியரையோ, வட்டச் செயலாளரையோ, குடும்பத்தில் மூத்த அத்தையையோ கூப்பிடுவார்கள். உங்களையும் ஒருநாள் கூப்பிடலாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

உரிமம் எங்கே வாங்குவது?

முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், தன் நண்பனின் கல்யாணத்தை நடத்தி வைப்பதற்காக இணையத்தில் ஒரு திருச்சபையின் பெயரில் குருவாகப் பதிவு செய்துகொண்டதாகச் சொன்னான். அங்கே அது சகஜம். மணமக்கள் முதலில் உள்ளூர் அலுவலகத்தில் திருமண உரிமத் தாளை வாங்கிக்கொள்வார்கள். சடங்கை நடத்தி வைப்பவர் அதில் கையெழுத்துப் போட்டு அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். யார் கையெழுத்துப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். “அந்த சர்டிபிகேட்டை வெச்சு அங்க வந்தும் நடத்தலாமா அத்தை?” என்று கேட்டான். இங்கே அந்தத் தாளால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை, அது இல்லாததால் கெடுவதும் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் தமிழ்நாட்டில் இரண்டு இந்துக்கள் சுயமரியாதைத் திருமணமோ சீர்திருத்தத் திருமணமோ செய்துகொள்ளும்போது, சட்டம் நடத்தி வைப்பவரைப் பார்ப்பதே இல்லை. கல்யாணத்தைச் செய்கிறவர்கள் மணமக்கள் இருவரும்தான். நீங்களும் நானும் பக்கத்தில் நின்று, நடக்க வேண்டியது சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறவர்கள். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி பயம் இருப்பது நல்லதுதான். அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

7ஏ என்ற பிரிவு

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு, மணமக்களில் யாராவது ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அதோடு 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

அது சொல்வது ரொம்ப எளிமை. உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்றுக்கொள்வதாக இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மோதிரம் போட்டுவிட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். நடுவில் வரும் “அல்லது” என்ற சொல்லை நிதானமாகக் கவனியுங்கள். மூன்றும் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. புரோகிதர், அக்கினி, நல்ல நேரம் என்று எதையும் அது கேட்கவில்லை.

அந்த “அல்லது” எவ்வளவு பெரிய சொல் என்பதை நான் நடத்திய நான்காவது கல்யாணத்தில் பார்த்தேன். மணமகனால் பேச முடியாது. அவர் வீட்டில் எல்லோருக்கும் கவலை, உறுதிமொழி எப்படிச் சொல்வார் என்று. மாலை மாற்றிக்கொண்டாலே சட்டப்படி திருமணம்தான் என்று சொன்னேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு மாகாணம் முழுக்க எத்தனையோ பேர் அப்படி மணந்துகொண்டார்கள். ஆனால் 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், இப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள், இருபது வருடம் குடும்பம் நடத்தி, பிள்ளை குட்டி பெற்றவர்களுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் 7ஏ, வரப்போகும் திருமணங்களோடு நிற்காமல், அதற்கு முன்பு நடந்துவிட்ட சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் என்று அறிவித்தது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான். ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களைத் தேடிப்போய் மரியாதை கொடுத்த வரி.

பிற்பாடு உச்ச நீதிமன்றத்திலும் இது நிலைத்தது. 2001-ல் ஒரு வழக்கு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே ஒருவர் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியிருந்தார். “அக்கினி முன்னால் ஏழடி வைக்கவில்லை, அதனால் இரண்டாவது திருமணம் திருமணமே இல்லை, என் மேல் குற்றமும் இல்லை” என்பது அவர் தரப்பு. தமிழ்நாட்டில் 7ஏ இருக்கிறது, தாலி கட்டியதே போதும், அது திருமணம்தான் என்றது நீதிமன்றம். அடுத்து 2023 ஆகஸ்ட்டில் ஒரு தீர்ப்பு. வக்கீல் அலுவலகத்தில் நாலு பேருக்குத் தெரியாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, பெற்றவர்களுக்குப் பயந்து மணப்பவர்களிடம் அப்படிக் கேட்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அது சொன்னது. வக்கீல்களும் நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம், தொழில் முறையில் அல்ல என்றும் சொன்னது.

யாருக்கு இது பொருந்தாது

இந்த இடத்தில்தான் நல்ல மனசோடு இறங்குகிறவர்கள் தவறு செய்துவிடுகிறார்கள். 7ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். இந்தச் சட்டத்தில் இந்து என்ற சொல்லுக்குள் பௌத்தர், சமணர், சீக்கியரும் வருவார்கள். ஆகவே பெரம்பூர் பக்கம் பௌத்தக் குடும்பங்களிலோ சௌகார்பேட்டை ஜெயின் குடும்பங்களிலோ இப்படித் திருமணம் நடந்தால் சிக்கல் இல்லை. மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் இந்த வழி கிடையாது.

கிறிஸ்தவர்களுக்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. அங்கேதான் உண்மையாகவே உரிமம் என்ற பேச்சு வருகிறது. ராயபுரத்தில் ராயப்பர் கோயில் மாதிரி மரபான சபைகளில் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் அந்தச் சபையின் விதிப்படி நடத்தி வைப்பார். அதற்கு முன்பு ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபையில் அறிவிப்பார்கள். மற்றபடி தனிச் சபை வைத்திருக்கும் பாஸ்டர்கள், அரசிடம் இந்தச் சட்டப்படி உரிமம் வாங்கியிருந்தால்தான் திருமணம் நடத்தலாம். எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒரு ஜெபவீடு இருக்கிறது. உருக்கமாக ஜெபிக்கிறவர்கள், ஏழைகளுக்கு ஓடி ஓடி உதவுகிறவர்கள். ஆனாலும் உரிமம் இல்லாமல் அவர்கள் நடத்தி வைக்கும் திருமணம் செல்லாது. நடத்தியவருக்கு அந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் 10 ஆண்டுகள் வரை சிறை என்று இருக்கிறது. “பாஸ்டர், உங்களுக்கு கல்யாண லைசென்ஸ் இருக்குங்களா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடசென்னையில் பல வீடுகளில் காகிதத்தில் ஒரு மதமும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு மதமும் இருக்கும். டி.சி.யைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். மணமக்களிடம் தனியாக, அன்பாக, “நீங்க ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். ஒருவர் கிறிஸ்தவராக இருந்து, சட்டம் சொன்ன வழியில் இல்லாமல் சுயமரியாதை மேடையில் மணந்தால், பின்னால் வாழ்நாள் முழுக்க அந்தப் பெண்ணின் தலைக்குமேல் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

முஸ்லிம் திருமணத்தில் பெண் தரப்பும் மாப்பிள்ளை தரப்பும் சம்மதம் சொல்வதும், சாட்சிகளும், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும்தான் அடிப்படை. வழக்கமாக ஜமாஅத் மூலம் நிக்காஹ் நடந்து, தப்தர் என்ற பதிவேட்டில் கையெழுத்தாகும். அதில் வெளியாள் தலையிட ஒன்றும் இல்லை.

இரண்டு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இதைத்தான் நாம் “ரெஜிஸ்டர் கல்யாணம்” என்கிறோம். அரசு நியமித்த திருமண அலுவலர் முன்னால்தான் அது நடக்கும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் குடியிருந்திருக்க வேண்டும். மனு கொடுத்ததும் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள், 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். மனு கொடுத்து 3 மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று சாட்சிகள் வேண்டும். இங்கேயும் பாருங்கள், அலுவலரின் முத்திரைக்கு முன்னால், இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படியான கணவனாக, மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் அது முடிந்தபிறகு மாலையில் மண்டபத்தில் நீங்கள் முன்னிலை வகித்து விழா நடத்தலாம். அது விழாதான், திருமணம் காலையிலேயே ஆகிவிட்டது. தெளிவாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. எண்ணூர், கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் போனால் அடுத்தது தடா, ஆந்திரா. பாதிக் குடும்பம் அந்தப் பக்கம் இருப்பவர்கள் கல்யாணத்தை அங்கே வைக்க விரும்புவார்கள். 7ஏ தமிழ்நாட்டுக்கான திருத்தம். எல்லை தாண்டி நடக்கும் திருமணத்துக்கு அதை நம்பக்கூடாது. அங்கே வைப்பதானால், இருவரில் ஒருவருடைய குடும்ப வழக்கப்படியான சடங்கைக் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும். என்னிடம் கேட்டால், முதல்நாளே திருவொற்றியூரில் வீட்டளவில் மாலை மாற்றிக்கொண்டு, மறுநாள் தடாவில் விருந்து போடுங்கள் என்பேன்.

திருநங்கையர் பற்றியும் கேட்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அந்தத் திருமணத்தைப் பதிவு செய்யவும் உத்தரவிட்டது.

மேடைக்கு முன்பு

மீதிப் பாதி பயம் நல்லது என்று சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான். மேடையில் உங்கள் வேலை பத்து நிமிடம். அதற்கு முன்பு உள்ளது முழுப் பொறுப்பு.

முதலில் வயது. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் கூடாது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பெற்றோரோடு சேர்த்து நடத்தி வைத்தவரையும் தண்டிக்கிறது. 2 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழையோ டி.சி.யையோ கையில் வாங்கிப் பார்த்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து ஒருமுறை வந்தார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆக நாலு மாதம் இருந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, எம்.சி. ரோட்டில் புடவையும் எடுத்தாகிவிட்டது. “நாலு மாசம்தானே டீச்சர்” என்றார் அப்பா. “நாலு மாசம்தானே, நாலு மாசம் கழிச்சு வாங்க” என்றேன். கோபித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று அவளாகச் சொல்லித்தான் தெரிந்தது. தடுக்க வேண்டிய நிலை வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே திருமணமானவரா என்பது. முதல் துணை உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகாமல் இருந்தால் அடுத்த திருமணம் செல்லாது. அதோடு குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டுகள் வரை சிறை. தெரிந்தே நடத்தி வைத்தவரும் உடந்தையாக மாட்டுவார். “பெரியவங்க பேசி அத்து விட்டுட்டோம்” என்பார்கள். ஊர்ப் பேச்சில் அத்துவிட்டதை மட்டும் நம்பி நான் மேடை ஏறமாட்டேன். நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். துணையை இழந்த பெண்களின் மறுமணத்தை நடத்தி வைப்பதைப்போல மனம் நிறைகிற வேலை வேறு இல்லை. அதற்காகவே காகிதத்தில் கறாராக இருக்கிறேன்.

உறவுமுறை பற்றிச் சட்டத்தில் தடைகள் இருந்தாலும் வழக்கத்துக்கு விலக்கு உண்டு. அத்தை மகள், மாமன் மகன் முறை நம் வழக்கத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது சம்மதம். மணமகளோடு தனியாக அரைமணி நேரமாவது பேசாமல் நான் தேதி கொடுப்பதில்லை. அம்மாவும் சித்தியும் கூட இருக்கக்கூடாது. கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருவோம் என்று கூட்டிக்கொண்டு போவேன். “உனக்கு இஷ்டம்தானேம்மா?” என்று நேராகக் கேட்டால் தலையாட்டத்தான் செய்வாள். அதனால் மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வேன். விருப்பம் இருக்கிறவள் நிறுத்தாமல் பேசுவாள். மணமகனிடமும் இதே மாதிரி பேச வேண்டும். கட்டாயப்படுத்தப்படும் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடம்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மகிழ மரத்தின் கதை தெரியும். தியாகராஜர் கோயிலில் சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. சன்னதியில் சத்தியம் செய்துவிட்டால் மீற முடியாதே என்று, அந்த நேரம் இறைவனை மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பிறகு திருவாரூர் நினைவில் சுந்தரர் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போய்விட்டது என்கிறது புராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றைக்கும் நடக்கிறது. சின்ன வயதில் பாட்டியோடு அதைப் பார்க்கப் போவேன். கல்யாணம் என்பது சொல்லும், அதைக் கேட்ட சாட்சியும்தான் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த மரம். பகுத்தறிவுக் கல்யாணம் நடத்துகிறவள் புராணம் பேசலாமா என்று தோழர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இது எங்கள் ஊர்க் கதை, நான் பேசுவேன்.

அதனால் சட்டம் மூன்றில் ஒன்று போதும் என்றாலும், முடிந்தவரை வாய்மொழியும் இருக்கட்டும் என்பது என் கட்சி. நிச்சயதார்த்தத்திலும் மோதிரம் மாற்றுகிறார்கள், மாலை போடுகிறார்கள். எது நிச்சயம், எது திருமணம் என்று பின்னால் யாரும் குழப்ப முடியாதபடி வார்த்தை வந்துவிட வேண்டும். நான் சொல்லச் சொல்வது இதுதான்: “நான், இன்னாருடைய மகன் இன்னார், இங்கே கூடியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் இன்னாரை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்.” பெண்ணும் அதேபோல “என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்” என்பாள். வாழ்க்கைத் துணை, இணையர், தோழமை என்று அழகான சொற்களை எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணவன், மனைவி என்ற இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டத்தில் இருப்பவை அவைதான்.

புரிந்த மொழி என்பதையும் மறக்க வேண்டாம். தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டில் தெலுங்கு. அவள் தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனாலும் “அம்மாவுக்குப் புரியணும் டீச்சர்” என்று தெலுங்கில் சொன்னாள். மணமகன் தமிழில் சொன்னான். இருவருக்கும் இரண்டு மொழியும் புரியும், அது போதும்.

மேளக்காரர்களிடமும் பேண்டு செட்காரர்களிடமும் முன்னாடியே பேசிவிடுங்கள். வழக்கமான கல்யாணத்தில் வேறு சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்று கெட்டிமேளம் கொட்டுவார்கள். இங்கே அந்த நொடியில்தான் மணமக்களின் குரல் கேட்க வேண்டும். நான் கையைத் தூக்கிய பிறகு கொட்டுங்கள் என்று சொல்லிவைப்பேன். மைக்கை இருவருக்கும் நடுவில் பிடிக்க ஒரு பையனை நிறுத்துங்கள். உறுதிமொழி சொல்வதையும் மாலை மாற்றுவதையும் ஒருவராவது முழுதாக வீடியோ எடுக்கட்டும். சட்டம் முன்னிலையில் என்று மட்டும்தான் சொல்கிறது, எண்ணிக்கை சொல்லவில்லை. கூட்டமே இல்லாத கல்யாணத்தில்கூட நாளைக்கு வந்து “நான் பார்த்தேன்” என்று சொல்லக்கூடிய நாலு பேரையாவது நிறுத்திவிடுவேன்.

வாழ்த்துரை வழங்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் முன்னால் ஒன்றரை மணி நேரம் பேசுவது அன்பில் சேராது.

கல்யாணத்துக்கு அப்புறம்

திருமணம் செல்லுபடியாவது மேடையில். அதை நிரூபிக்க வழி செய்வது பதிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிவு செய்யாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. அதேபோல ஒரு சடங்கும் நடக்காமல் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. விசாவுக்காக முன்கூட்டியே சான்று வாங்க நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள். மாலையையாவது உண்மையாக மாற்றிக்கொண்டு போகட்டும்.

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, எந்த மதத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் கிடைக்கும். திருமணம் நடந்த இடத்துக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்திலோ, மணமக்களில் ஒருவர் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலோ செய்யலாம். ராயபுரம், திருவொற்றியூர், செம்பியம் என்று பக்கத்திலேயே அலுவலகங்கள் இருக்கின்றன. பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, குறித்த நாளில் இருவரும் சாட்சிகளோடு நேரில் போக வேண்டும். வயதுக்கும் முகவரிக்கும் சான்று, புகைப்படங்கள், அழைப்பிதழ் எல்லாம் கொண்டுபோக வேண்டும். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்திருந்தால் அந்த ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயர் விஷயத்தில்தான் எல்லோரும் அலைகிறார்கள். நான் நடத்தி வைத்த முதல் கல்யாணத்தில் இதுதான் நடந்தது. பெண்ணின் பெயர் டி.சி.யில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகள் அலைந்ததைப் பார்த்து எனக்கு மனசே சரியில்லை. பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே நான் கவனித்திருக்க வேண்டியது அது. இப்போதெல்லாம் அச்சுக்குப் போகும் முன்பு பத்திரிகையின் மாதிரியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுகிறேன். பெயர், இனிஷியல், அப்பா பெயர், தேதி, இடம், அதோடு ‘திருமணம்’ என்ற சொல், எல்லாம் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். செல்லப்பெயரை அடியில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. நான் வாங்குவதில்லை. வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு புத்தகம் வைத்துக்கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். வண்டிச் செலவு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பதிவுக்கும் சேர்த்து இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகிறவர்களிடம் மணமக்களை அனுப்பாதீர்கள்.

பதிவு விண்ணப்பத்தில் திருமணத்தை நடத்தி வைத்தவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புரோகிதரோ பாதிரியாரோ இல்லாத கல்யாணத்தில் அங்கே உங்கள் பெயர்தான் வரும். மேடையில் வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிட்டால், அந்த ஒரு கையெழுத்துக்காகப் புதுக் கல்யாணக்காரர்கள் உங்களைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஆகவே தேதி ஒப்புக்கொள்ளும் நாளிலேயே பதிவுக்குப் போகும் நாளையும் கேட்டு, காலண்டரில் குறித்துவிடுங்கள். போகும்போது உங்கள் ஆதார் அட்டையும் நகலும் கையில் இருக்கட்டும்.